கையைக் கட்டிக்கொண்ட மைக் செட் அசரியா

அசரியா தன் பெஞ்சாதி தபீதாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான்.

வாய்ப்பேச்சாகப் பட்ட கடன் இல்லை. எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, தேதி போட்ட கடன். 1970-ஆம் வருஷம் ஜூன் மாதம் அது நடந்தது. அப்போது சித்தூரில் மைக் செட் வைத்திருந்தவர்கள் நான்கு பேர். மற்ற மூன்று பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கல்யாணமா, கட்சிக் கூட்டமா, சபையில் கன்வென்ஷனா, புத்தூரிலிருந்து நாயுடுபேட்டை வரைக்கும் அசரியாவின் குழாய் ஸ்பீக்கர் கட்டினால்தான் கூட்டத்துக்கே ஒரு மரியாதை. தடாவில் ஒரு கல்யாணத்தில் அவன் கட்டிய குழாய் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த ஊருக்கும் கேட்டு, அழைக்காத ஜனங்கள் எல்லாம் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா அவனைத் திட்டினார். அசரியாவுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்கு அவன் போகவில்லை. நஷ்டம் ஆறாம் வகுப்புக்குத்தான். வால்வு ரேடியோவைத் தானே பிரித்து, தானே மாட்டி, ஷாக் அடித்து அடித்துக் கற்றுக்கொண்டவன். பெட்டிக்குள் இரைச்சல் கேட்டால் எந்த வால்வு சாகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்.

அந்த ஜூன் மாதம் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு ஜெர்மன் டேப் ரிக்கார்டரைப் பார்த்தான். சூட்கேஸ் அளவு. மேலே இரண்டு பெரிய சக்கரம், நடுவே கண்ணாடிக்குள், பச்சையும் சிவப்பும் பூசிய தட்டில் ஒரு முள். பேசினால் முள் ஆடியது. அவனுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம். கையில் இருந்தது ஆயிரம்.

தபீதாள் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தாள். ஆறு வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு தொகை சேர்த்திருந்தாள். வேலூரில் ஒன்பது மாத மருத்துவச்சிப் படிப்பு ஒன்று உண்டு. அதற்குச் சேர முப்பது வயது தாண்டக்கூடாது. வருகிற மார்ச்சில் அவளுக்கு முப்பது முடிகிறது. ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் பணம் கட்டினால் இடம் உண்டு. விட்டால் சாகிறவரைக்கும் வார்டில் பெட்ஷீட் மாற்ற வேண்டியதுதான்.

அந்தச் சேமிப்பிலிருந்து தொள்ளாயிரம் கேட்டான் அசரியா. "எழுதிக் குடுங்க" என்றாள்.

"இன்னாமே இது, புருஷன் கிட்டயே பத்திரமா?"

"வேலூர்ல பணம் வாங்கறவங்க, நீ அசரியா பெஞ்சாதியான்னு கேட்டுட்டுச் சும்மா விட்டுடுவாங்களா? எழுதுங்க. ஜனவரி அஞ்சாந்தேதிக்கு முன்னாடி, என் கையில, ரொக்கமா."

எழுதினான். அவள் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

தைரியமாகக் கடன் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. திருப்பதியில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புதிதாக ஒரு இசை நாடகப் பிரிவு ஆரம்பித்திருந்தார்கள். பாட்டும் நாடகமும் படிக்கிற பிள்ளைகள் இனி ரேடியோவுக்கும் சினிமாவுக்கும் போகவேண்டியவர்கள், அவர்களுக்கு ஒலிப்பதிவு தெரியவேண்டும் என்று அந்தப் பிரிவின் தலைவர் வீராசாமி பிடிவாதமாக இருந்தார். தெலுங்குக்காரர், பெரிய வித்வான், நல்ல மனுஷன். ஆனால் அவருக்கு சுவிட்ச் என்றால் பயம். மெஷினும் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. ஒரு கச்சேரிக்கு மைக் கட்டப் போன அசரியா, "ரெண்டும் எங்கிட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் மூர் மார்க்கெட்டுக்கு ஓடினான். மாதம் நூற்றைம்பது, ஆறு மாதம், கடைசியில் மொத்தமாக. கணக்கு சரியாகத் தொள்ளாயிரம்.

ஜூலையிலிருந்து புதன், சனி இரண்டு நாளும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் போனான். மெஷினுக்கும் ஒரு டிக்கெட் போடு என்று கண்டக்டர் கேட்டபோது, "போடுய்யா, அதுவும் வாத்தியார்தான்" என்றான்.

வகுப்பில் ஆறு பேர். நகரி பக்கத்துப் பெண் பொன்னியம்மாள் பாட்டு. நாடகம் படிக்கிற ரங்கையா, வாயாடி. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். மற்ற நால்வரும் பாட்டும் வீணையுமாக அமைதியான பிள்ளைகள். அசரியா நடத்தினால் வகுப்பு களைகட்டும். காந்தம் எப்படிக் குரலைப் பிடிக்கிறது என்பதைத் துருப்பிடித்த ஆணியையும் இரும்புத் தூளையும் வைத்து விளக்கினான். பெரிய படிப்புப் படித்த எந்த லெக்சரரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். "ஒரு விநாடிப் பாட்டு ஏழரை அங்குல நாடா. உங்க பாட்டை இனிமே அளக்கலாம், முழம் போட்டு விக்கலாம்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

கோவில் மண்டபத்தின் கடைசித் தூணுக்குக் கேட்கிறமாதிரி பாடிப் பழகிய பொன்னியம்மாள் மைக்கைப் பார்த்ததும் கத்தினாள். முள் சிவப்பில் போய் முட்டி நின்றது.

"யாரு செவிடு இங்க?" என்றான் அசரியா. "இது குழாய் இல்லம்மா. இது காது. தொட்டில்ல கிடக்கிற கொழந்தை காது. அதுங்கிட்ட பாடற மாதிரி பாடு."

அவள் பாடினாள். முள் பச்சைக்குள் மெதுவாக ஆடியது. அன்றைக்கு டேப்பைத் திருப்பிப் போட்டுத் தன் குரலை முதல்முதலாகக் கேட்டபோது அந்தப் பெண் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டாள். இதெல்லாம் அசரியா சாதித்தது.

ஆனால் ஒரு விஷயம். இந்த ஐந்து மாதத்தில் அந்தப் பிள்ளைகள் ஒருத்தர்கூட மெஷின்மேல் ஒரு விரல் வைத்ததில்லை.

மைக் செட் தொழிலில் அப்படித்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தம்பி வந்து குமிழைத் திருகுவான், வால்வு போய்விடும், முப்பது ரூபாய் தண்டம். அதனால் பத்துக் கட்டளையோடு அசரியா பதினோராவதாக ஒன்று சேர்த்துவைத்திருந்தான்: பெட்டியைத் தொடாதிருப்பாயாக. கூட வருகிற ஆளும் குழாய் கட்டலாம், ஒயர் இழுக்கலாம். பெட்டி முதலாளிக்கு மட்டும். அதே பழக்கத்தில் வகுப்பையும் நடத்தினான். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள், அவன் செய்துகாட்டுவான். ரங்கையா ஒருதரம் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனபோது, "ஏய், கை!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் வீணை நின்றுவிட்டது.

நவம்பர் கடைசியில் சம்பளத்தைப் பற்றி விசாரிக்க ஆபீசுக்குப் போனான். கிளார்க் பாலசுந்தரம் தாளைப் புரட்டினார்.

"ஏம்ப்பா, உன் படிப்பு இன்னா?"

"அஞ்சு."

"பி.ஏ.வுக்கு மேல அஞ்சா?"

"அஞ்சாங்கிளாசு."

பாலசுந்தரம் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனுஷன் இல்லை, சட்டம் பேசுகிறவர். "பாடம் நடத்தினவன்னு எழுத முடியாதே அப்பா. மெஷின் ஓட்டின கூலின்னு போடலாம். நாளைக்கு ஆறு ரூபா. ஆறு மாசத்துக்கு நாப்பத்தெட்டு நாள். எரநூத்தி எண்பத்தெட்டு வருது. வாங்கிக்கினு போ."

"நான் கூலி இல்ல சார். சொல்லிக்குடுக்கறவன்."

"அதுக்கு இன்னா ருஜு?"

அசரியா நேராக வீராசாமியிடம் போனான். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். அப்புறம் ஆபீஸ் ஆட்களையும் கூப்பிட்டு ஒரு தீர்ப்பு சொன்னார். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, கமிட்டி முன்னால், பிள்ளைகளே ஒரு பாட்டைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, போட்டுக் காட்டவேண்டும். அசரியா அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம். மெஷினைத் தொடக்கூடாது. தொடாமலே வேலை நடந்தால் அவன் ஆசிரியன், முழுப்பணம். ஒரு தரம் தொட்டாலும் மெஷின் ஓட்டுகிறவன், கூலி.

"நியாயமேகதா?" என்றார் வீராசாமி. நியாயம்தான். அதனால் அசரியா தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து தபீதாளிடம் சொல்லாமல் இருக்கப் பார்த்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"துன்றீங்களா, கணக்குப் போடறீங்களா?" என்றாள்.

சொன்னான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்தப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது தபீதா. கெடுத்துடுவானுங்க" என்றான்.

"ஏன் தெரியாது? அஞ்சு மாசமா இன்னா சொல்லிக் குடுத்தீங்க?"

"எல்லாம் சொன்னேன். தொட விடல."

தபீதாள் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவளுடைய படிப்பு, அவளுடைய பணம். திட்டியிருந்தால் அசரியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன வருஷம் ஆஸ்பத்திரியில ஆளு இல்லாத அன்னிக்கு, என்னைக் கூப்ட்டு ஒரு பிரசவம் பாக்கச் சொன்னாங்க பெரிய நர்சம்மா" என்றாள். "எனக்குக் கை ஓடல. அவங்க பக்கத்துலயே நின்னாங்க. ரெண்டு கையையும் ஏப்ரனுக்குள்ள விட்டுச் சுத்திக்கினாங்க. வெளிய எடுக்கவே இல்ல. வாயால மட்டும் சொன்னாங்க. கொழந்தை தல என் கையிலதான் வந்துது." அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "உசுரையே நம்பி விட்டாங்க. உங்களுது பெட்டிதானே."

அடுத்த புதன்கிழமை அசரியா தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையையும் முன்னால் சுற்றிக்கொண்டு, மெஷினிலிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்தான்.

"அண்ணா, கை சுட்டுக்கினீங்களா?" என்றான் ரங்கையா.

"வா. வந்து போடு."

"நிஜமா?"

"வாடான்னா."

முதல் நாள் ஒரு முழு நாடாவையும் அழித்தார்கள். இரண்டாம் நாள் சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, நாடா தரையெல்லாம் புழுவாகக் கிடந்தது. அசரியாவின் துண்டு வேர்வையில் நனைந்துபோனது. உதட்டைக் கடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் பொன்னியம்மாள் முள்ளைப் பார்க்காமலேயே, காதால் மட்டும் கேட்டு, குமிழைச் சரியான இடத்தில் நிறுத்தினாள். அதை அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அந்தக் காது முன்னாடியே இருந்திருக்கிறது. கைதான் இல்லாமல் இருந்தது.

வெட்டி ஒட்டுகிற பாடத்தில் மாட்டிக்கொண்டார்கள். தப்பான இடத்தை நாடாவில் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் ஒட்டுநாடா போட்டுச் சேர்க்கவேண்டும். பொன்னியம்மாள் பிளேடைக் கையில் வாங்கினாள், நாடாவைப் பார்த்தாள், பிளேடைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னால முடியாதுண்ணா."

"ஏம்மா?"

"இதுல சாமி பேரு இருக்குது. சவரம் பண்ற பிளேடால சாமி பேரை அறுக்கறதா?"

மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயாடி ரங்கையாவும்தான். திருமலையின் அடிவாரத்தில் படிக்கிற பிள்ளைகள். அலிபிரியில் முதல் படியைத் தொட்டுக் கும்பிடாமல் தாண்டாதவர்கள். கிறிஸ்தவனாகிய அசரியா இதில் எப்படி அதட்டுவான்? வேதப்புத்தகத்தை யாராவது பிளேடால் கீறச் சொன்னால் தன் கை போகுமா என்று யோசித்துப் பார்த்தான். போகாது.

"வேற பாட்டு எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

"வீராசாமிகாரு கீர்த்தனைதான்னு சொல்லிட்டாரே" என்றான் ரங்கையா.

அசரியா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். மணி அடிக்க இன்னும் அரை மணி இருந்தது. திரும்பி வந்து, "பேரை அறுக்கவேணாம்" என்றான். "பொன்னியம்மா, நீ பாடறப்போ எங்க மூச்சு வாங்குவ?"

"வரி முடிஞ்சப்புறம்."

"மூச்சுல சாமி பேரு இருக்குதா?"

அவள் யோசித்தாள். "இல்ல."

"மூச்சு இன்னா நீளம்னு நாடாவுல தேடு. அதுக்கு நடுவுல வெட்டு."

பொன்னியம்மாள் இரண்டு சக்கரத்தையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினாள். பாட்டு 'வ்வோ, வ்வோ' என்று மாடு கத்துகிற மாதிரி போய்வந்து, ஒரு இடத்தில் வெறும் தம்பூரா மட்டும் கேட்டது. நான்கு விரல் அகலம். அவள் மெழுகுப் பென்சிலால் குறி போட்டாள். ஆனாலும் பிளேடு மேல் கை போகவில்லை. மறுவகுப்புக்கு அசரியா புதுப் பிளேடு ஒன்றைத் தபீதாளிடம் கொடுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஆஸ்பத்திரித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். "இது எங்க வீட்டுக்காரி காய்ச்சினது. எவன் தாடியும் பாக்காத பிளேடு" என்றான். பொன்னியம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வெட்டினாள்.

வெட்டின துண்டுகளைக் குப்பையில் போட மனசு வராமல் ரங்கையா பொட்டலம் கட்டிக் கபிலதீர்த்தத்தில் விடப்போனான். பிளாஸ்டிக் நாடா கரையுமா? குளமெல்லாம் மிதந்து, குளிக்க வந்த ஒருத்தர் காலில் சுற்றி, அவர் பாம்பு என்று கத்த, இவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தான். பெரிய ரேடியோ நிலையங்களில் வெட்டுகிறவர்களும் மூச்சில்தான் வெட்டுவார்கள் என்று பிற்பாடு ஒரு என்ஜினியர் சொன்னார். அவர்களுக்கு அது தெரிய எத்தனை வருஷம் ஆயிற்றோ. அசரியாவின் வகுப்புக்கு அரை மணி ஆயிற்று.

டிசம்பர் பத்தொன்பது வந்தது. கமிட்டியில் நான்கு பேர், நடுவில் வீராசாமி, ஓரத்தில் கையில் தாளோடு பாலசுந்தரம். அசரியா சுவரோரம் நாற்காலியில், கையில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தான். மனசுக்குள் வேலூர் ஓடியது. இருநூற்று எண்பத்தெட்டு என்றால் வேலூர் இல்லை.

பொன்னியம்மாள் பாடினாள், ரங்கையா பதிவு செய்தான். நன்றாகத்தான் போனது. இரண்டாவது வரி முடிந்து மூன்றாவது வரி தொடங்குவதற்கு முன்னால், தம்பூரா மட்டும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், வீராசாமிக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, மார்கழி இருமல். அறையே அதிர்ந்தது. முள் சிவப்பில் போய் அடித்தது.

அசரியா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். துண்டு அவிழ்ந்து ஒரு கை வெளியே வந்தது. பாலசுந்தரம் தாளிலிருந்து நிமிர்ந்து அந்தக் கையையே பார்த்தார். மெஷின் நான்கு அடி தூரத்தில் இருந்தது. ரங்கையாவின் கை சுவிட்சுக்குப் போய், நிறுத்துவதா வேண்டாமா என்று நின்றது. அவன் அசரியாவைப் பார்த்தான்.

அசரியா உட்கார்ந்தான். கையைத் துண்டுக்குள் மறுபடி விட்டுக்கொண்டான்.

ரங்கையா சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டான். பொன்னியம்மாள் கண்ணைத் திறக்கவே இல்லை. ஒரு மூச்சு அதிகமாக வாங்கிக்கொண்டு மூன்றாவது வரியைப் பாடி முடித்தாள். அப்புறம் மெஷின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தை ஆட்டினாள். வ்வோ, வ்வோ. இருமல் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கினார். அவள் இருமலுக்கு முன்னால் இரண்டு விரல் தம்பூராவும், பின்னால் இரண்டு விரல் தம்பூராவும் விட்டு, நடுவில் வெட்டி எடுத்து, ஒட்டி, நகத்தால் தேய்த்தாள்.

போட்டார்கள். முதல் வரி. இரண்டாவது வரி. ஒரு மூச்சு. மூன்றாவது வரி.

வீராசாமி கழுத்தை நீட்டி மெஷினைப் பார்த்தார். "நா தக்கு எக்கடிக்கி போயிந்தி?" என்று தன் இருமலைத் தேடினார்.

ரங்கையா தரையில் கிடந்த ஒரு முழ நாடாவைப் பவ்வியமாக எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். "மீ தக்கு, சார். இங்க பத்திரமா இருக்குது."

கமிட்டி முழுக்கச் சிரித்தது. வீராசாமி தன் இருமலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். அசரியாவுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. முகத்தைத் துடைக்கவேண்டும் போலிருந்தது, கை துண்டுக்குள் இருந்தது.

"பாடம் நடத்தினவன்" என்று பாலசுந்தரம் எழுதினார். எழுதினதும் பணம் வந்துவிடுமா? கையெழுத்து மேல் கையெழுத்து. கிறிஸ்துமஸ் வந்தது, சபையில் எல்லாரும் புதுத்துணியில் வந்தபோது தபீதாள் போன வருஷத்து நீலப் புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். யாராவது பார்த்தால், "இதுதான் எனக்கு எடுப்பா இருக்குது" என்றாள். அசரியா அன்றைக்கு ஆராதனையில் பாட்டுப் பாடாமல் வாயை மட்டும் அசைத்தான்.

ஜனவரி நான்காம் தேதி, திங்கட்கிழமை, பில் பாஸ் ஆயிற்று. எல்லாம் பத்து ரூபாய் நோட்டு. பாலசுந்தரம் எண்ணிக் கொடுத்து, "அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று கேட்டார். 'ஏம்ப்பா' போய் 'வருவீங்களா' ஆகியிருந்தது. "மெஷின் வரும். நானும் கூட வருவேன்" என்றான் அசரியா.

சித்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தான். மத்தியானம் மூன்று மணி. தபீதாள் கிணற்றடியில் பெட்ஷீட் பிழிந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவன் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"கூலியா, வாத்தியாரா?"

"கை நீட்டு."

வலது கையை நீட்டினாள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. அசரியா முதல் நோட்டை வைத்தான்.

"சத்தமா எண்ணுங்க" என்றாள். "கன்வென்ஷன்ல கத்தற மாதிரி வேணாம். எனக்குக் கேட்டா போதும்."

பத்து, இருபது, முப்பது என்று அவள் காதுக்கு மட்டும் எண்ணினான். ஐந்நூறு தாண்டினபோது நோட்டு சரியத் தொடங்கியது. அவள் இடது கையையும் கீழே கொண்டுவந்து தாங்கிக்கொண்டாள். எண்ணூற்று எண்பது. எண்ணூற்றுத் தொண்ணூறு. கடைசி நோட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, மேலே வைத்து, தன் கையை அப்படியே அதன்மேல் அழுத்திக்கொண்டான்.

"தொள்ளாயிரம்" என்றான்.